வாரிய மணல்

கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்து ஒரு காலை வெளியே வைக்கப்போன விஸ்மா, அந்தக் காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டாள். மணல் வாரப்பட்டிருந்தது.

நேற்று மாலை அவர்கள் வந்து இறங்கியபோது, பைன் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த இடம் கடற்கரைக் காட்டின் எந்த இடத்தையும் போலத்தான் கிடந்தது. காய்ந்த ஊசியிலைகள், மிதித்தால் நொறுங்கும் கூம்புக் காய்கள், யாரோ போன வாரம் மூட்டிய தீயின் கரி, சைக்கிள்களை உருட்டி வந்த தடம், அவள் கணவன் ரைட்டிஸ் சுத்தியலைத் தேடி நாலு தடவை அங்கேயும் இங்கேயும் நடந்த காலடிகள் என்று எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. இப்போது ஒன்றுமில்லை. ஊசியிலை ஒன்றுகூட இல்லாமல், ஈர மணலில் விரற்கடை இடைவெளியில் நேர் நேராகக் கோடுகள், குளித்து வந்த பிள்ளைக்குத் தலை வாரிவிட்டதுபோல. கடலிலிருந்து எழுந்த மூடுபனி மரங்களின் இடுப்புவரை நின்றது. பாசியும் பழைய கயிறும் கலந்த வாடை அடித்தது. விடிந்து இவ்வளவு நேரமாகியும் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

கோடுகள் கூடாரத்தைச் சுற்றிலும் இல்லை. ரைட்டிஸ் படுத்திருந்த பக்கம் மட்டும்தான். ஓர் ஆள் நீளம், ஒன்றரை ஆள் அகலம்.

"ரைட்டிஸ், எந்திரி."

"காபி போட்டுட்டியா?"

"எந்திரின்னு சொல்றேன்ல."

அவன் தூக்கக் கலக்கத்தோடு தலையை வெளியே நீட்டினான். நரைத்த தாடியில் தலையணைத் துணியின் மடிப்பு பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அடேங்கப்பா! பெரிய ஓட்டல்லகூட இப்படி வாசல் பெருக்கமாட்டான். யாருக்கு நன்றி சொல்றது?"

"வாரினவன் காலடி எங்கேப்பா?"

"எங்கேன்னா? வாரிட்டான்."

"விளையாடாத."

"எல்லைக் காவல்காரன் எவனாவது இன்னும் ரிட்டையர் ஆகாம சுத்திட்டிருப்பான். அவனுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கமாட்டாங்க."

இருவரும் சோவியத் காலத்தில் பிறந்தவர்கள். அந்நாளில் இந்தக் கரை முழுவதையும் சாயங்காலமானால் சிப்பாய்கள் வாரிவிட்டுப் போவார்கள், கடல் வழியாகத் தப்பி ஓடுகிறவனின் காலடி காலையில் தெரியவேண்டும் என்பதற்காக. விஸ்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரைட்டிஸ் வெறுங்காலோடு அந்தக் கோடுகளைக் குறுக்கே மிதித்துக்கொண்டு ஒரு மரத்தடிக்குப் போனான். அவன் பாதத்தின் ஐந்து விரலும் குதிகாலும் மணலில் ஆழமாகப் பதிந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஏன் அது அவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

அவன் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த கட்டையை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

நேற்று மத்தியானம் நடந்தது அது. வென்ட்ஸ்பில்ஸ் நகரம் தாண்டி வடக்கே வரும்போது, பள்ளமும் மேடுமான சரளைச் சாலையில் ரைட்டிஸின் கேரியர் கம்பி ஒன்று படக்கென்று முறிந்து, பை சக்கரத்தில் சரிந்தது. சாலையோரம் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருந்தது. சுற்றிலும் தாழ்வான கல் சுவர், ஒரு கம்பிக் கதவு, உள்ளே நேராக ஒரு மணல் பாதை, பாதையின் கடைசியில் தண்ணீர் பம்பு. இந்தப் பக்கம் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் பிடிப்பது கல்லறைப் பம்புகளில்தான். பூச்செடிக்கு ஊற்ற வைத்திருக்கும் நல்ல ஆழத்துத் தண்ணீர். ரைட்டிஸ் எந்தப் பம்பையும் கடந்து போகமாட்டான். பாட்டில் நிறைந்திருந்தாலும் இரண்டு தடவை அடித்துப் பார்ப்பான். விஸ்மாவுக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்காது.

பம்புக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குக் கம்பில் எல்லாருக்கும் பொதுவான பூவாளிகளும், மணல் வாருகிற, பிடி நுனியில் பச்சைப் பெயின்ட் பூசிய மூன்று பல்வாரிகளும் தொங்கின. அதில் ஒன்று பழையது; பல்லும் கைப்பிடியும் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. ரைட்டிஸ் அந்தக் கைப்பிடியை உருவி எடுத்து, நீளம் பார்த்து, தலையை ஆட்டினான்.

"கடவுளாப் பாத்துக் குடுத்தது. கம்பியோட சேத்து வச்சுக் கட்டினா தாலின் வரைக்கும் தாங்கும்."

"வேணாம் ரைட்டிஸ். கல்லறையிலிருந்து ஒண்ணையும் வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாது. உனக்குத் தெரியாதா?"

"இங்க இருக்கறவங்கள்ல யாராவது சைக்கிள் வச்சிருக்காங்களா? அவங்களுக்கு எதுக்கு இது?"

அவன் கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அப்படியே சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். கதவருகே விஸ்மா திரும்பிப் பார்த்தாள். பம்பிலிருந்து கதவுவரை இரண்டு ஜோடி பூட்ஸ் தடங்களும் சக்கரத் தடமும் ஈர மணலில் அச்சு அசலாகக் கிடந்தன.

அதுதான் அவளை அரித்தது. அவர்கள் ஊரில், வருஷா வருஷம் ஜூலை மாதக் கல்லறைத் திருநாளில், சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிப் பூ வைத்து முடித்ததும், கடைசி ஆள் வாரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தபடி கதவுவரை மணலை வாரிக்கொண்டு வருவார். தொடங்குமுன் "எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று ஒரு சத்தம் போடுவார். தொடங்கிவிட்டால் நிறுத்தக்கூடாது. வாரிய மணலில் திரும்பக் கால் வைத்தால், முதலிலிருந்து மறுபடி வாரவேண்டும். பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ரைட்டிஸின் அம்மா உயிரோடிருந்தபோது வேறு சொல்வாள். காலடி கிடந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு வழி தெரிந்துவிடும் என்பாள். இந்த வருஷம் அந்த அம்மாவின் கல்லறைக்கே அவர்கள் போகவில்லை. சைக்கிள் பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அந்தப் பயணத்தை வேண்டாமென்று சொல்ல அவளால் முடியவில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வால்மியராவின் மர அறுவை மில்லில், ஓடிக்கொண்டிருந்த ரம்பத்துக்குப் பக்கத்தில் ரைட்டிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இதயத்தில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம், "எந்திரிச்சேன்னா, கிளைபெடாவிலேருந்து தாலின் வரைக்கும் உன்னோட சைக்கிள்ல போகணும்" என்பதுதான். எழுந்தான். டாக்டரும் சரியென்றார், நாளுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று. விஸ்மா மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துக் கட்டி எடுத்து வந்திருந்தாள். அவன் விழுந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் அவனுக்கு முன்னால் தூங்கியதில்லை. அவன் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள். இவன் போய்விடுவானோ என்கிற ஒரே பயம்தான் அவளுக்கு. மற்றதையெல்லாம் சமாளித்துவிடுவாள்.

மத்தியானம் பனி கொஞ்சம் விலகியது. ஒரு மீனவர் குடியிருப்பின் சாலையோரத்தில், மீனைப் புகையில் வாட்டும் கூண்டுக்கு முன்னால் மேசை போட்டு ஒரு பெண் தட்டைமீன் விற்றுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆல்டர் மரப் புகையில் சிவந்த கண். ரைட்டிஸ் மீனைப் பார்த்ததும் உயிர் வந்தவன்போல இறங்கினான்.

"நல்ல பெரிசா ரெண்டு குடுங்க. எங்கம்மணி காலைலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. மீனைப் பாத்தாலாவது எறங்குதான்னு பாப்போம்."

அவள் சிரித்துக்கொண்டே காகிதத்தில் சுற்றினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் கண் கேரியருக்குப் போயிருந்தது. கட்டையின் நுனியில் பச்சைப் பெயின்ட் பூசியிருந்தது.

"அது எங்க கெடச்சுது?"

"வழில," என்றான் ரைட்டிஸ்.

"வழியில பச்சைப் பெயின்ட் அடிச்ச கட்டை முளைக்குதோ?" அவள் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதை வச்சுக்கிட்டு என் மேசைகிட்ட நிக்காதீங்க. நகருங்க."

"என்னங்க இது, யாவாரம் பண்றவங்க..."

"மீனு இல்ல. தீந்துபோச்சு." மேசையில் இருபது மீன் அடுக்கியிருந்தது. அவள் ரைட்டிஸை விட்டுவிட்டு விஸ்மாவைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "வாரிட்டுத்தானே வந்தீங்க?"

விஸ்மா இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்ப இன்னிக்கே திரும்பிப் போங்க. கட்டையைப் போட்டுட்டு, வாரிட்டு வாங்க. ஒழுங்கா வாரணும். பாதியில விட்டா போகாததைவிட மோசம்."

சைக்கிளை மிதித்துக்கொண்டு வெகுதூரம் வந்தபிறகும் ரைட்டிஸ் பொருமினான். "இருபது மீனை வச்சுக்கிட்டுத் தீந்துபோச்சாம்! நீ என்னடான்னா அந்தம்மா சொன்னதுக்குத் தலையாட்டிட்டு நிக்கிற."

"திரும்பிப் போலாம்பா."

"முப்பது கிலோமீட்டர். எதிர்காத்து. உனக்கு என் நெஞ்சு மேல சந்தேகம், அந்தம்மாவுக்கு என் கேரியர் மேல. ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அன்று மாலை மணலில் கூடாரம் அடிக்கக்கூடாது என்றாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, இடிந்துபோன பழைய காவல் கோபுரத்தின் அடியில் ஒரு பெரிய சிமென்ட் தளம் இருந்தது. அதன் மேல் அடித்தார்கள். முளை இறங்காது, நாலு மூலையிலும் கல் வைத்துக் கட்டினார்கள். பக்வீட் கஞ்சியும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு அவன் படுத்தபோது, "இன்னிக்கு நான் அந்தப் பக்கம் படுத்துக்கறேன்," என்றாள். அவன் உருண்டு இடம் மாறிக்கொண்டான்.

ஜூலை மாதம் அந்தக் கரையில் முழு இருட்டு வருவதே இல்லை. கூடாரத் துணி கழுவிய பால் பாத்திரம் போன்ற ஒரு வெளுப்பில் நின்றது. அதன்மேல் விழுந்த ஒவ்வொரு பைன் கிளையின் நிழலும் தெரிந்தது, கொசு வந்து உட்காரும் நிழல்கூடத் தெரிந்தது. அலை சத்தம் தூரத்தில் சீராகக் கேட்டது, ரைட்டிஸின் மூச்சு பக்கத்தில் சீராகக் கேட்டது, இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொண்டே அவள் எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. விழித்தபோது அலை சத்தம் நின்றிருந்தது.

சர்ர்ர்.

நீளமாக ஓர் இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை.

சர்ர்ர்.

சிமென்டில் மணல் உரசுகிற சத்தம். ஓர் இழுப்பு, ஒரு பின்னடி, ஓர் இழுப்பு. வாரத் தெரிந்த ஆள்தான். அவசரமில்லாமல், கோடு கோணாமல், ஊரில் அவள் நூறு தடவை கேட்டிருக்கிற அதே நிதானம். ஒவ்வொரு இழுப்பும் முந்தியதைவிட ஒரு சாண் கிட்டே கேட்டது. துணியில் கிளை நிழல் இருந்தது. கொசு நிழல் இருந்தது. ஆள் நிழல் இல்லை.

அவள் இருந்த பக்கம் வரவில்லை. அந்தப் பக்கம். இப்போது ரைட்டிஸ் படுத்திருந்த பக்கம்.

சர்ர்ர். துணியை ஒட்டி. அவன் காதுக்கு அந்தப் பக்கம்.

அப்புறம் நின்றது.

ரைட்டிஸின் மூச்சும் நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கை அவன் நெஞ்சை நோக்கிப் போகமாட்டேன் என்றது. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. அவன் ஒரு பெரிய மூச்சை இழுத்து, முனகி, புரண்டு படுத்தான். அலை சத்தம் திரும்ப வந்தது.

காலையில் அவள்தான் முதலில் வெளியே போனாள். சிமென்ட் தளத்தின் அந்தப் பக்கம் முழுக்க மணல் பரப்பியிருந்தது. ஒரு விரல் கனம், ஓர் ஆள் நீளம், ஒன்றரை ஆள் அகலம். வாரிய கோடுகள். அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வாருகிறவன் பின்னால் நகர்ந்துகொண்டே வருவான். கடைசிக் கோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் அவன் நிற்கவேண்டும். கடைசிக் கோடு கூடாரத் துணிக்கு அடியில் போய் முடிந்திருந்தது. திரும்பிப் போனதற்குத் தடம் இல்லை.

ரைட்டிஸ் வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை.

"இடது கை மரத்துப்போன மாதிரி இருக்கு," என்றான். "ஒருக்களிச்சுப் படுத்ததாலயா இருக்கும்." பிறகு, "எத்தனை கிலோமீட்டர் சொன்னேன்? சரி, போலாம். போட்டுட்டு வந்துடலாம்."

அவனைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். "நாம பஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்பா முதல்ல."

"கட்டையோடயா பஸ்ல ஏறுவே?" என்று அவன் தாடியால் அவள் நெற்றியில் உரசினான். "அங்க போய்ட்டு, அங்கிருந்து பஸ். பக்கத்துலதான் ஸ்டாப். மாத்திரையும் போட்டுக்கறேன். சரியா?"

சரியில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். அவள் ஒரு கணம் யோசித்தாள். மாத்திரை, ஆஸ்பத்திரி இரண்டும் அவளுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அந்தக் கோடுகள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியிலும் வந்து முடியும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

நாற்பது கிலோமீட்டரும் பனி. அவள் முன்னால், அவன் பின்னால். அவனுடைய சைக்கிள் மணி துருப்பிடித்தது, முழுதாக அடிக்காது. 'டிங்' என்று பாதியில் செத்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடி என்று சொல்லியிருந்தாள். அடித்தான். எதிரே கார் வரவில்லை. மீன்காரியின் மேசை காலியாக இருந்தது. அவன் இரண்டு இடத்தில் இறங்கி உட்கார்ந்தான், மூன்றாவது இடத்தில் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மஞ்சள் மழைக் கோட்டுக்குள் அவன் ஒரு சுற்று சிறுத்துவிட்டதுபோல அவளுக்குப் பட்டது.

கல்லறைத் தோட்டத்தின் கதவு சாத்தியிருந்தது. அவர்கள் விட்டுப்போன தடங்கள் அப்படியே கிடந்தன. இரண்டு ராத்திரி, ஒரு மழை. ஓரம்கூட உதிரவில்லை.

கதவுக்கு வெளியே சுவரில் சைக்கிள்களைச் சாய்த்தார்கள். கட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு தங்கள் பழைய தடத்தின் மேலேயே கால் வைத்துப் பம்புவரை போனார்கள். பனி இங்கே இன்னும் கெட்டியாக இருந்தது. நின்ற இடத்திலிருந்து பத்தடிக்கு அப்பால் கல்லறைக் கற்கள் கரைந்துபோயின. விஸ்மா மண்டியிட்டு, கட்டையைப் பல்லில் செருகி, கயிறு சுற்றி இறுக்கிக் கட்டி, குறுக்குக் கம்பில் தொங்கவிட்டாள். நல்ல வாரி ஒன்றை எடுத்தாள்.

"நீ போ. போய் சைக்கிள்கிட்ட உக்காரு."

"ஒரு வாய் தண்ணி புடிச்சுக்கறேன். பாட்டில் காலி."

"இந்தத் தண்ணி ஒரு சொட்டு குடிக்கக்கூடாது! பஸ் ஸ்டாப்புல வாங்கித் தரேன். போப்பா, தயவு பண்ணி."

"சரி மகாராணி. போயாச்சு."

அவள் குனிந்து மணலில் வாரியின் பற்களைச் சரியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. பனிதான் இருந்தது. வழக்கப்படி குரல் கொடுத்தாள்.

"ரைட்டிஸ்! வெளிய போயிட்டியா?"

முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து, 'டிங்'.

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. வாரத் தொடங்கினாள்.

ஓர் இழுப்பு. ஒரு பின்னடி. அவன் பூட்ஸ் தடம் அழிந்தது. அவள் தடம் அழிந்தது. சக்கரத் தடம் அழிந்தது. அகலமாக, ஓரத்துக்கு ஓரம், ஒழுங்காக. பம்பு பனிக்குள் போய்விட்டது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வாரியின் பற்களும் புதுக் கோடுகளும்தான்.

க்ரீச்... க்ரீச்.

எதிரே, பனிக்குள். ஏதோ பறவை. இரண்டு நாளாகக் கத்தாத பறவை. கத்தட்டும்.

க்ரீச்... க்ரீ—

பாதியில் நின்றது. பிறகு ஒரு சத்தம். ஈர மூட்டையை இறக்கி வைத்ததுபோல.

அவள் வாரியை நிறுத்தினாள். எதிரே கோடுகள், அப்பால் பனி. போய்ப் பார்க்கலாம். போனால் வாரியதை மிதிக்கவேண்டும். மிதித்தால் முதலிலிருந்து. பாதியில் விட்டால் போகாததைவிட மோசம்.

"ரைட்டிஸ்?"

'டிங்'. பின்னால். உடனே. கிட்டத்தில்.

இருக்கிறான். அங்கேதான் இருக்கிறான். அவள் வாரினாள். வேகமாக. இழுப்பு, பின்னடி. இழுப்பு, பின்னடி. அவள் நிறுத்திய பிறகும் ஒரு தடவை சர்ர்ர் என்று கேட்டது. எதிரொலி. எதிரொலிதான். முதுகில் கதவுக் கம்பி இடித்தது. வெளியே வந்தாள். கடைசி இழுப்பைக் கதவுக்கு அடிவரை இழுத்தாள். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

"முடிஞ்சுதுப்பா," என்று திரும்பினாள்.

இரண்டு சைக்கிள்கள். சுவரில். வைத்தது வைத்தபடி.

யாரும் இல்லை.

அவனுடைய மணியின் மூடியில் பனித் துளிகள் முத்து முத்தாக ஒட்டியிருந்தன. ஒன்றுகூட உதிரவில்லை. யாரும் தொட்டிருக்கவில்லை. சைக்கிளின் பாட்டில் கூண்டு காலியாக இருந்தது. அவளுக்கு இப்போது புரிந்தது. அது பறவை இல்லை. பம்பின் கைப்பிடி. எந்தப் பம்பையும் கடந்து போகமாட்டான். அவள் கண் மறையட்டும் என்று காத்திருந்து, திருட்டுப் பிள்ளையைப் போல இரண்டு அடி அடித்திருக்கிறான். அவன் விழுந்ததை அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, நின்று, யோசித்து, மணலைக் காப்பாற்றினாள்.

பனி விலகத் தொடங்கியது. மெதுவாக, கதவுப் பக்கமிருந்து உள்நோக்கி. கோடு கோடாகப் பாதை தெரிந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக வாரியதில்லை. பாதையின் கடைசியில் பம்பு தெரிந்தது. பம்பின் அடியில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. மழைக் கோட்டு. ஒரு பூட்ஸ். பக்கத்தில் உருண்ட பாட்டில்.

பாதையின் நடுவில் இன்னொரு மஞ்சள் மழைக் கோட்டு வந்துகொண்டிருந்தது.

ரைட்டிஸ். முகத்தில் சாம்பல் நிறம் இல்லை. இளைப்பு இல்லை. தாடிக்குள் அந்தப் பழைய சிரிப்பு. கையை லேசாக வீசிக்கொண்டு, சாப்பாட்டுக்கு வருகிறவன்போல வந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். பூட்ஸ் மணலில் பட்டது. எடுத்தது. பட்டது. எடுத்தது.

கோடு ஒன்றுகூடக் கலையவில்லை.

அவள் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஓட அவள் கால் துடித்தது, பம்படிக்கு, அந்த நெஞ்சை அழுத்த, எண்ணி எண்ணி அழுத்த.

"மிதிச்சுடாத விஸ்மா," என்றான். "எவ்வளவு அழகா வாரியிருக்கே."

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். ஒரு முழம் தூரம். அவன் சோப்பு வாடை, அவன் கண். கம்பி வழியாக அவள் விரல் மேல் விரல் வைத்தான். ஈரம் இல்லை, குளிரும் இல்லை, பொடி மணல் மட்டும் உதிர்ந்தது.

"எல்லாரும் வந்தாச்சு," என்றான். "கதவைத் திற. தாலின் போகணும்ல?"

அவன் தோளுக்கு மேலே, பாதையின் கோடியில், அந்த இன்னொரு மஞ்சள் அசையாமல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று, இரண்டு வருஷப் பழக்கத்தில், எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. முப்பது வரைக்கும் எண்ணியும் அது ஒரு தடவைகூட ஏறவில்லை.

பிறகு கொக்கியை எடுத்தாள்.